எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம்: எதிலிருந்து தொடங்குவது?

சிட்டாநூல் கேட்கிறார்:

வணக்கம். காவிரிக் கரையோர விசைத்தறி ஊர் ஒன்றில் மூன்றாம் தலைமுறையாகச் சாயப்பட்டறை நடத்தி வருகிறேன். லுங்கிக்கும் துண்டுக்கும் வேண்டிய பருத்தி நூலைச் சிட்டாவாக (தளர்வான வளையக் கட்டாக) வாங்கி, இழையோடு வினைபுரிந்து பிணையும் ரியாக்டிவ் சாயம் ஏற்றிக் காயவைத்துத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பதே எங்கள் தொழில். நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 கிலோ நூலுக்குச் சாயம் போடுகிறோம். அதற்கு 40,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. இருட்டிய பிறகு சாக்கடையில் திறந்துவிடும் பட்டறைகள் எங்கள் தெருவிலும் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. இடித்துத் தள்ளப்பட்டவை போக, முறையாகத் தொழில் செய்ய விரும்பும் 14 பட்டறைக்காரர்கள் இப்போது ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கலாமா என்று பேசி வருகிறோம்.

வந்து பார்த்த ஆலோசகர் ஒருவர், ஆர்.ஓ.வும் (நுண்சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) ஆவியாக்கியும் இல்லாமல் காரியம் ஆகாது என்கிறார். இன்னொருவர், நிறத்தை எடுத்துவிட்டு ஊர்ச் சாக்கடைத் தண்ணீரோடு கலந்துவிட்டால் போதும், செலவு கால்வாசிதான் என்கிறார். இரண்டாமவர் சொல்வது காதுக்கு இனிமையாக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. திருப்பூரில் இதை அனுபவித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அங்கே உண்மையில் என்ன நடந்தது, நாங்கள் கடன் வாங்குவதற்கு முன்பே பட்டறைக்குள் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

இரவு_ஷிப்ட் எழுதுகிறார்:

திருப்பூர்ப் பகுதியில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒன்பது ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு விடை நிறத்தில் இல்லை, உப்பில் இருக்கிறது.

பருத்தி இழையும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கும் தன்மை கொண்டவை. அந்த விலக்கத்தை அடக்கிச் சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்காகத்தான் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறோம். வேலை முடிந்ததும் அந்த உப்பில் ஒரு பிடிகூட நூலில் தங்குவதில்லை. போட்டது முழுவதும் கழிவுநீரில் வெளியேறுகிறது. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சிட்டா நூலுக்குக் கிலோவுக்கு 15 லிட்டர் என்று வைத்தால் சாயத் தொட்டித் தண்ணீர் 6,000 லிட்டர் ஆகிறது. நடுத்தர நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்றால் நாளொன்றுக்கு 300 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் ஆறு மூட்டை. பதினான்கு பட்டறைக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு நான்கு டன்னைத் தாண்டுகிறது.

அந்த 300 கிலோவும் உங்களுடைய 40,000 லிட்டரில் கரைந்து வரும்போது, சாயத்தை நூலோடு பிணைக்கப் போடும் சோடா உப்பைச் சேர்க்காமலேயே டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள திடப்பொருளின் மொத்த அளவு) லிட்டருக்கு 7,500 மில்லிகிராம் ஆகிறது. வெளியேற்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 2,100. நுண்ணுயிர்த் தொட்டி கரிமக் கழிவைத் தின்னும். ஓசோனோ குளோரினோ நிறத்தைக் கெடுக்கும். உப்பை இவற்றுள் எதுவும் தொடாது. சாக்கடையோடு கலந்தால் மீட்டரில் எண் இறங்குமே தவிர, ஆற்றுக்குப் போகும் உப்பு அதே 300 கிலோதான். திருப்பூரில் 1990களின் இறுதியில் வந்த முதல் நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டு நிறத்தைப் படியவைத்தன. தண்ணீர் தெளிந்தது, வளாகத்துக்குள் கசடு மலையாகக் குவிந்தது, உப்பு மட்டும் வந்த வழியே நொய்யல் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது நடைமுறையில் உள்ள முறை இது. கழிவுநீரைச் சமன்படுத்தும் தொட்டியில் சேர்த்து, உயிரியல் முறையில் சுத்தம் செய்து, வடிகட்டி, கடினத்தன்மையை நீக்கி, பல கட்ட ஆர்.ஓ.வில் ஏற்றுகிறார்கள். நூற்றுக்கு எண்பத்தைந்து முதல் தொண்ணூறு பங்கு நல்ல தண்ணீராகக் குழாய் வழியே பட்டறைக்கே திரும்புகிறது. உண்மையான தலைவலி ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும், உப்பு செறிந்த ரிஜெக்ட் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை ஆவியாக்கி உப்பைப் பிரிக்க விறகும் மின்சாரமும் விழுங்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு, தொட்டியில் கொட்டும் ஒவ்வொரு மூட்டை உப்புக்கும் இரண்டாவது முறை விலை கொடுக்கிறோம் என்பது புரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் 40,000 லிட்டரில் 34,000 லிட்டர் மீண்டுவிட்டால் மிஞ்சும் 6,000 லிட்டரில் அந்த 300 கிலோ உப்பும் இருக்கும். அதாவது லிட்டருக்கு 50 கிராம், நீங்கள் காலையில் தொட்டியில் கரைத்த அதே கரைசல். நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டால் அந்த உப்புநீரையே மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்ப முடியும். திருப்பூரில் இதைச் செய்கிறார்கள். ஆனால் அதற்கு எல்லா உறுப்பினர்களும் ஒரே வகை உப்பைப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் சமையல் உப்பும் இன்னொருவர் கிளாபர் உப்பும் (சோடியம் சல்ஃபேட்) போட்டால் ஆவியாக்கியின் முடிவில் வருவது கலப்பு உப்பு. வாங்க ஆள் இல்லாமல், மழைத்தண்ணீர் படாமல் கொட்டகை போட்டுக் காக்க வேண்டிய பொருள் அது. எல்லோரும் கிளாபர் உப்பே போட்டால், கரைசலைக் குளிரவைத்தாலே உப்பு படிகமாகப் பிரிந்துவிடும். இயந்திரத்துக்கு விலை கேட்பதற்கு முன்பு உங்கள் கூட்டத்தில் இதை முதல் தீர்மானமாக எழுதுங்கள்.

கடைமடை_விவசாயி எழுதுகிறார்:

தம்பி, நான் சாயத் தொழில் தெரிந்தவன் அல்லன். அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்த இடத்தில் இருந்தவன். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992இல் அணை கட்டி முடித்தபோது, ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் கிடைக்கும் என்று நாங்கள் மகிழ்ந்தோம். சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவுநீர் தேங்கும் குட்டையாக மாறியது. தண்ணீர் வேண்டும் என்று கேட்டு அணை கட்டவைத்த விவசாயிகளே, அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. இப்படி ஒரு வேண்டுகோளை வேறு எந்த ஆயக்கட்டிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

நிறம் போன தண்ணீர் போதும் என்று சொல்கிறவரை எங்கள் பக்கம் அழைத்து வாருங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குப் பளிங்குபோலத்தான் இருந்தது. அதில் பருப்பு வேகவில்லை. மோட்டார்க் குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டியது. மஞ்சளும் வாழையும் முதலில் போயின. இலை ஓரம் தீய்ந்தாற்போல் காய்ந்து வரும். தென்னை மட்டும் தாக்குப்பிடித்தது. உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் கலைத்துவிடுவதால், மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே நிற்கும். காய்ந்தால் ஏர் இறங்காத அளவுக்கு நிலம் இறுகிவிடும். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரால் பல பருவம் அலசினால்தான் அது மீளும். அலசுவதற்கு நல்ல தண்ணீர் எங்கே?

நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003இல் நீதிமன்றம் சென்றது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டும் என்று காலக்கெடு விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மூன்று மாத அவகாசம் மட்டுமே தந்தது. அப்போதும் நிலைமை சரியாகாததால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. அன்றைக்கு வேலை இழந்த தொழிலாளர்களை நினைத்தால் எனக்கு வருத்தம் உண்டு. அவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் அதன் பிறகு மறைவாகச் சாயம் போடும் வேலை உங்கள் பக்கத்துக்கு நகர்ந்தது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். எங்கள் நொய்யலுக்கு வந்தது உங்கள் காவிரிக்கு வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

சாயமாஸ்டர் எழுதுகிறார்:

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. கடன் வாங்குவதற்கு முன்பு பட்டறைக்குள் என்ன செய்யலாம் என்ற பகுதிக்கு மட்டும் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

திருப்பூரில் தண்ணீர்ச் செலவைக் குறைத்தது பிரசாரம் அன்று, மீட்டர். பொது நிலையத்துக்குப் போகும் குழாயில் மீட்டர் வைத்து, லிட்டருக்கு இவ்வளவு என்று உறுப்பினரிடம் வசூலிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, முதலாளிகள் இயந்திரத்தின் அருகில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். நான் வேலை செய்த பட்டறையில் அதற்கு முன்பு அலசல் என்றால் ஒருபுறம் வால்வைத் திறந்துவிட்டு மறுபுறம் வழியவிடுவதுதான். ஆள் தேநீர் குடித்துவிட்டு வரும்வரை வழிந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்தி, தொட்டியை நிரப்பி, ஓட்டி, முழுவதும் வடித்து, மறுபடி நிரப்பும் முறைக்கு மாறினோம். ஒரு ரூபாய் முதலீடு இல்லாமல் கிடைத்த பெரிய மிச்சம் அதுதான். கடைசி அலசல் தண்ணீரை மேல்தொட்டியில் பிடித்துவைத்து அடுத்த ஈட்டின் (ஒரே தடவையில் சாயம் ஏற்றும் நூலின்) முதல் அலசலுக்குக் கொடுத்தோம். வெளுப்புக்குப் பின் மிஞ்சும் பெராக்சைடைப் போக்க இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுவதற்குப் பதிலாக என்சைம் போட்டோம்.

அடுத்தது மறுசாயம். நிறம் கூடவில்லை என்று ஒரு ஈட்டை மீண்டும் தொட்டியில் போட்டால் உப்பு, சாயம், தண்ணீர், ஆவி எல்லாம் இருமடங்கு. தராசில் நிறுக்காமல் கைப்பிடிக் கணக்கில் சாயம் அள்ளும் பழக்கம் இருந்தால், ஆர்.ஓ. வாங்குவதற்கு முன்பு ஒரு நல்ல தராசும் சிறிய சோதனைச் சாயக் கருவியும் வாங்குங்கள்.

ஆனால் சிட்டா முறையிலேயே நீங்கள் இருக்கும்வரை ஓர் எல்லைக்கு மேல் குறைக்க முடியாது. விசைத்தறிக்கு நூல் எப்படியும் கோனாகத்தான் (கூம்பு வடிவச் சுற்றாக) போக வேண்டும். கோன் சாய இயந்திரத்தில் கிலோவுக்கு 8 லிட்டர் போதும். அதே 400 கிலோவுக்கு 3,200 லிட்டர் தொட்டித் தண்ணீர், 160 கிலோ உப்பு. 300 எங்கே, 160 எங்கே? துணியாக நெய்த பிறகு சாயம் ஏற்றுபவர்களுக்கு உப்பே தேவைப்படாத கோல்ட் பேட் பேட்ச் முறையும் உண்டு. சாயமும் காரமும் கலந்த கரைசலில் துணியைப் பிழிந்து, உருளையில் சுற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி இரவு முழுவதும் சுழலவிட்டால் போதும். கட்டம் போட்ட லுங்கிக்கு நூலிலேயே சாயம் வேண்டுமென்பதால் அது உங்களுக்குப் பயன்படாது. ஒரே நிறத் துண்டுக்கு யோசிக்கலாம்.

இன்னொன்று: பட்டறைத் தரையில் இரண்டு வாய்க்கால் போடுங்கள். உப்பு மிகுந்த சாயத்தொட்டித் தண்ணீர் ஒன்றில், அலசல் தண்ணீர் மற்றொன்றில். கலந்த பிறகு பிரிக்கப் பணம் வேண்டும். கலக்காமல் இருக்க ஒரு கொத்தனார் போதும்.

சிட்டாநூல் பதிலளிக்கிறார்:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை கூட்டத்தில் இந்த எண்களைப் படித்துக் காட்டினேன். ஆறு மூட்டைக் கணக்கைக் கேட்டு முதலில் சிரித்தவர்கள், தங்கள் கொள்முதல் சீட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்த பிறகு அமைதியாகிவிட்டார்கள். ஒருவருக்கு ஒன்பது மூட்டை வந்தது. கறுப்பும் கருநீலமும் அவர் அதிகம் போடுகிறார். பதினான்கு பேரில் ஐவர் கிளாபர் உப்பும் ஒன்பது பேர் சமையல் உப்பும் பயன்படுத்துவதும் அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. சாக்கடை யோசனையைக் கைவிட்டோம். கடைமடை ஐயா எழுதிய பருப்பு வேகாத கதையைக் கேட்ட என் அம்மா, எங்கள் கைக்குழாய்த் தண்ணீரிலும் இரண்டு மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். நான் இதுவரை அதைக் கேட்டதும் இல்லை, அந்தத் தண்ணீரைச் சோதித்ததும் இல்லை. வரும் மாதம் முழுவதும் ஆளுக்கொரு மீட்டர் வைத்து, தண்ணீரையும் உப்பையும் தினமும் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம். எந்த இடத்தில் மீட்டர் வைப்பது சரி, உள்ளே வரும் குழாயிலா, வெளியேறும் குழாயிலா?

இரவு_ஷிப்ட் எழுதுகிறார்:

இரண்டிலும் வையுங்கள். உள்ளே வந்ததைவிட வெளியே போனது மிகவும் குறைவாக இருந்தால், எங்கோ தரையில் இறங்குகிறது அல்லது யாரோ வேறு குழாய் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நூல் காயும்போது ஆவியாகும் அளவு சிறியது. வெளிக்குழாயில் பஞ்சுத் தூசி சிக்கிச் சக்கரம் நின்றுவிடும் என்பதால் மீட்டருக்கு முன்னால் ஒரு சல்லடை போட்டு ஒவ்வொரு ஷிப்டிலும் கழுவச் சொல்லுங்கள். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி முதலில் உங்கள் கைக்குழாய்த் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். அந்த எண்ணை இங்கே எழுதுங்கள்.