வீடு காலி பண்ணும் வேலை: வாடிக்கையாளர் விவரங்களை எப்படி வைத்துக்கொள்வது?

கேள்வி (பெருமாள்புரம்)
பாளையங்கோட்டை பக்கம் பழைய சாமான் ஏற்றி வீடு காலி பண்ணிக் கொடுக்கும் தொழில். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் லொகேஷன், அறை அறையாகப் போட்டோ, சிலர் கேட்காமலே ஆதார் நகலும் அனுப்புறாங்க. எல்லாம் டிரைவர், லோடுமேன் இருக்கும் குரூப்பில் கிடக்கு. எதை வைக்கணும், எதை அழிக்கணும்? சாமானோடு வரும் பாஸ்புக், கம்ப்யூட்டரை என்ன செய்ய?

பதில் (வண்ணார்பேட்டை)
அண்ணாச்சி, முதல்ல அந்தக் குரூப்பை நிறுத்துங்க. பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான் நமக்கு நிறைய வரும். "சாவி எதிர்வீட்டில், வெள்ளி வரை ஆள் இல்லை" என்ற ஒரு வரி போதும், திருடனுக்கு வேற துப்பே வேண்டாம். சாவி விஷயத்தைப் போனில் பேசுங்க, எழுதாதீங்க. முகவரி, நம்பர், எந்த மாடி, இவ்வளவும் அன்னைக்குப் போற டிரைவருக்கு மட்டும்.

வேலையை விட்டவரைக் குரூப்பிலிருந்து நீக்கினாலும், ஏற்கெனவே வந்தது அவர் போனில் இருக்கும். தானாக அழியும் செய்தி 7 நாள் என்று வைத்தாலும் கேலரியில் இறங்கிய போட்டோ போகாது. வாட்ஸ்அப் செட்டிங்கில் மீடியா விசிபிலிட்டியை (வந்த படம் கேலரியில் தெரிவதை) அணைங்க, கூகுள் போட்டோஸ் பேக்கப்பையும் பாருங்க.

ஆதார் தேவையே இல்லை. செம்பு, ஏசி மாதிரி விலையுள்ளது வாங்கும்போது அடையாளம் வேணும்னா, கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும். நகலின் குறுக்கே தேதியும் காரணமும் எழுதச் சொல்லுங்க.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பில், கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைக்கணும். வீட்டுப் போட்டோவுக்கு அது பொருந்தாது. பணம் தீர்ந்ததும் அழிச்சிடலாம்.

பதில் (பேட்டை, ஆக்கர் கடை, அதாவது பழைய சாமான் கடை)
வண்டியில் ஏற்றும் முன்னே, வீட்டுக்காரர் கண் முன்னாலேயே பீரோ லாக்கர், டிரங்க் பெட்டி, மேசை டிராயரைக் கவிழ்த்துப் பாருங்க. பாஸ்புக், செக் புக், பத்திரம், எல்ஐசி பேப்பர் எல்லாம் அவர் கையில் திரும்பப் போகணும். எக்ஸ்ரே ஃபிலிமை விட்டுடுவாங்க. அதன் ஓரத்தில் பெயரும் வயசும் இருக்கும்.

ஹார்டிஸ்க்கைச் சும்மா குவிக் ஃபார்மட் பண்ணினால் ஃபைல் பட்டியல்தான் போகும், உள்ளே இருப்பதை மீட்டுடலாம். உள்ளே சுழலும் தட்டு வழியாக மூணு நாலு இடத்தில் டிரில் போடுங்க. லேப்டாப் டிஸ்க்கில் தட்டு கண்ணாடியாக இருக்கலாம், சில்லு தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க. எஸ்எஸ்டியில் (தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) ஒரு ஓட்டை சிப்பில் படாமலே போகலாம். ஒவ்வொரு சிப்பையும் உடைக்கணும். பலரும் மறப்பது டிவிஆர், அதாவது சிசிடிவி படத்தைப் பதிவு பண்ணும் பெட்டி. அதுக்குள்ளேயும் ஹார்டிஸ்க் உண்டு, வீட்டு நடமாட்டம் மொத்தமும் அதில் இருக்கும். போனில் கூகுள் கணக்கை வெளியேற்றிவிட்டு ரீசெட். பேட்டரியோடு சுத்தியலால் அடிக்காதீங்க, தீப்பிடிக்கும்.

கேள்வி (பெருமாள்புரம்)
பேப்பரைக் கிழிச்சா போதாதா?

பதில் (பேட்டை, ஆக்கர் கடை)
ரெண்டாகக் கிழிச்சது ஒட்டிப் படிக்கிற அளவுதான். எடைக்குப் போன பேப்பர் கடலைப் பொட்டலமாகத் திரும்பி வரும். கிராஸ் கட் ஷ்ரெட்டர் (பேப்பரைப் பொடிப்பொடியாக வெட்டும் மெஷின்) இல்லேன்னா டிரம்மில் ராத்திரி ஊறவைத்துக் கூழாக்குங்க. லேமினேட் பண்ணினது ஊறாது, கத்தரிக்கணும்.

பதில் (தச்சநல்லூர்)
டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும். வாட்ஸ்அப், எக்செல் எல்லாம் இதில் அடங்கும். கைநோட்டைப் போட்டோ எடுத்தால் அதுவும். பாதுகாப்பில் தவறினால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். காலி பண்ணிய வீட்டின் முன்பின் படத்தை ஃபேஸ்புக்கில் போடுவதா இருந்தால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிட்டு, கதவு எண்ணையும் சுவரில் உள்ள குடும்பப் படத்தையும் மறைச்சிடுங்க.