கெர்னல் மாற்றியதும் மாட்யூல் கம்பைல் ஆகவில்லை. ஆன பிறகும் வேலை செய்யவில்லை

கத்துக்குட்டி:
வணக்கம். ஒரு டைரக்டரியில் யார் எந்தக் கோப்பைத் திறக்கிறார்கள் என்று லாக் எழுத ஒரு சின்ன லினக்ஸ் மாட்யூல் (சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குள் ஏற்றும் துணை நிரல்) வைத்திருக்கிறேன். சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) டேபிளில், கோப்பைத் திறக்கும் 'ஓப்பன்அட்' இருக்கும் இடத்தில் என் ஃபங்ஷனின் அட்ரஸைப் போட்டுவிடும், அவ்வளவுதான். 5.4 கெர்னலில் தொந்தரவில்லாமல் ஓடியது. 6.12-க்கு மாறியதும் பெயரைக் கொடுத்தால் அட்ரஸ் தரும் 'கால்சிம்ஸ்_லுக்கப்_நேம்' அன்டிஃபைன்ட் என்று, மாட்யூல் கட்டும்போது பெயர்களைச் சரிபார்க்கும் மாட்போஸ்ட் நின்றுவிடுகிறது. ஆனால் கெர்னலில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் /ப்ராக்/கால்சிம்ஸ் கோப்பில் தேடினால் அதே பெயர் இருக்கிறது! எங்கே தப்பு?

நள்ளிரவு_பூட்:
உங்கள் பக்கம் தப்பில்லை. ஒரு பெயர் கெர்னலுக்குள் இருப்பது வேறு, மாட்யூல்கள் பயன்படுத்தத் திறந்துவிடப்படுவது, அதாவது எக்ஸ்போர்ட் ஆவது வேறு. 5.7-இல் (2020) அதன் எக்ஸ்போர்ட்டை எடுத்துவிட்டார்கள். அது ஒன்று கையில் இருந்தால், எக்ஸ்போர்ட் ஆகாத எதன் அட்ரஸையும் கேட்டு வாங்கிவிடலாமே. வீட்டைப் பூட்டிச் சாவியை வாசலில் மாட்டிய கதை. அந்தப் பெயரில் ஒரு கேப்ரோப் (ஓடும் கெர்னலில் வைக்கும் கண்காணிப்புப் புள்ளி) பதிவு செய்தால் இப்போதும் அட்ரஸ் கிடைக்கும். ஆனால் வேண்டாம் என்பேன்.

கத்துக்குட்டி:
வேண்டாம் என்றீர்கள், செய்துவிட்டேன் :) மாட்யூல் ஏறுகிறது. டேபிளைத் திரும்பப் படித்தால் என் அட்ரஸ்தான் இருக்கிறது. லாக்கில் மட்டும் ஒரு வரிகூட இல்லை. எர்ரரும் இல்லை.

பழைய_பேட்ச்:
எக்ஸ்86, 64 பிட்தானே? 6.9 முதல் சிஸ்டம் கால் அந்த டேபிள் வழியாகப் போவதே இல்லை. ப்ராஸஸர் முன்கூட்டி ஊகித்து ஓடுவதை வைத்துத் தகவல் திருடும் ஸ்பெக்டர் வகைத் தாக்குதலுக்குப் பயந்து, டேபிளில் பார்த்துத் தாவுவதை விட்டுவிட்டு, எண்ணைப் பார்த்து நேரே அழைக்கும் ஒரு பெரிய ஸ்விட்ச் ஆக்கிவிட்டார்கள். ட்ரேஸிங்குக்கு (சிஸ்டம் கால்களைப் பின்தொடர்ந்து பார்ப்பது) தேவை என்பதால் டேபிளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுப் பெயர்ப்பலகையை நீங்கள் மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.

உள்ளே இருப்பதைத் தொட்டால் இதுதான் தொல்லை. எர்ரர் வந்தாலாவது தெரியும், இப்படிச் சத்தமில்லாமல் செத்தால் யாருக்குத் தெரியும்? யூசர் ஸ்பேஸுக்கான (கெர்னலுக்கு வெளியே ஓடும் புரோகிராம்களுக்கான) சிஸ்டம் கால்களை உடைக்க மாட்டோம் என்பதுதான் லினக்ஸ் தரும் வாக்கு. உள் இன்டர்ஃபேஸுக்கு அப்படி எதுவும் கிடையாது.

மரத்துக்கு_வெளியே:
சொல்வது எளிது. 2019-இல் 5.0 வந்தபோது இசட்எஃப்எஸ் (லினக்ஸ் கெர்னலுக்கு வெளியே வளரும் ஒரு ஃபைல் சிஸ்டம்) பட்ட பாடு நினைவிருக்கிறதா? செக்சம் (தரவு கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் கணக்கு) வேகமாகப் போட அது நம்பியிருந்த எஃப்பியு (ப்ராஸஸரின் கணக்குப் பகுதி) ஃபங்ஷன் போய்விட்டது. மிஞ்சியதை ஜிபிஎல் உரிமத்தில் வரும் மாட்யூல்கள் மட்டும்தான் தொடலாம், இசட்எஃப்எஸ் உரிமமோ வேறு. அவர்கள் டேபிளைத் திருத்தவில்லையே, எக்ஸ்போர்ட் ஆனதைத்தானே எடுத்தார்கள்?

பழைய_பேட்ச்:
அது நியாயமான கோபம். எக்ஸ்போர்ட் என்பதும் நிரந்தர உறுதி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பழையதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்றிருந்தால், மேலே சொன்ன ஸ்விட்ச் மாற்றம் வந்தே இருக்காது.

சரி, கத்துக்குட்டி, உங்களுக்குத் தடுக்கவும் வேண்டுமா, பார்த்தால் போதுமா?

கத்துக்குட்டி:
பார்த்தால் போதும்.

பழைய_பேட்ச்:
அப்படியானால் மாட்யூலே வேண்டாம். யூசர் ஸ்பேஸிலிருந்து ஃபேனோட்டிஃபை (கோப்பு திறந்தால் கெர்னலே தகவல் சொல்லும் வசதி) போதும். திறந்த ப்ராஸஸின் பிஐடியும் (அடையாள எண்) வரும். நாளைக்குத் தடுக்க வேண்டுமென்றால் அதிலேயே பெர்மிஷன் ஈவென்ட் உண்டு. அதுவும் போதாவிட்டால் பிபிஎஃப் எல்எஸ்எம் (கெர்னலின் பாதுகாப்புச் சோதனை இடங்களில் நம் சின்ன நிரலை மாட்டும் வசதி) இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது வந்ததும் அதே 5.7-இல்தான். லாக் கோப்பை மட்டும் நீங்கள் கவனிக்கும் டைரக்டரிக்குள் வைக்காதீர்கள். அதைத் திறப்பதும் ஒரு ஈவென்ட் ஆகிவிடும்.

கத்துக்குட்டி:
எழுதிவிட்டேன், ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் சரியாக 1,019 ஈவென்ட் ஆனதும் ரீட் தோற்று நின்றுவிடுகிறது. இதுவும் கெர்னல் மாற்றமா?

பழைய_பேட்ச்:
இல்லை, இது நீங்கள் :) ஒவ்வொரு ஈவென்ட்டோடும் திறந்த ஒரு ஃபைல் டிஸ்க்ரிப்டர் (திறந்திருக்கும் கோப்பைக் குறிக்கும் எண்) உங்கள் கைக்கு வரும். படித்ததும் க்ளோஸ் செய்ய வேண்டும். ஒரு ப்ராஸஸ் ஒரே நேரத்தில் திறந்து வைக்க வழக்கமான வரம்பு 1,024. அதில் ஸ்டாண்டர்ட் மூன்று, ஃபேனோட்டிஃபை ஒன்று, லாக் ஒன்று போக எண்ணிப் பாருங்கள்.

கத்துக்குட்டி:
ஒரே ஒரு க்ளோஸ். ஐயோ. காலையிலிருந்து நிற்காமல் ஓடுகிறது, நன்றி.