தாய்ப்பாலில் இருக்கும் எதிர்ப்பு அணுக்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குடமுருட்டிக்கரை:
பால் கட்டிக் காய்ச்சல் வருவது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். பாபநாசத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். இடது பக்கம் கல்லாக இறுகிச் சிவந்துவிட்டது. பிள்ளை அந்தப் பக்கம் வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டான். வலது பக்கம் மாற்றினால் மடமடவென்று குடிக்கிறான். ஒரு சொட்டு விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. "பால் கெட்டுப்போச்சுடி, பீய்ச்சிக் கொட்டிடு" என்றார் பெரியம்மா. கிராம சுகாதாரச் செவிலியர் அக்காதான் "கொட்டாதே, குடுத்துக்கிட்டே இரு" என்றார். கொடுத்தேன், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை.

தஞ்சை லேப்:
வீக்கம் வந்தால் பால் சுரக்கும் செல்களுக்கு இடையே உள்ள இணைப்பு தளர்ந்துவிடும். ரத்தத்தில் இருக்கும் சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசியும், உப்பு அதனால்தான். கூடவே நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் கூட்டமாக வந்து இறங்கும். அப்படி வந்த ஒரு பாலைச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மடல் மடலாகப் பிரிந்த ஊதா உட்கருவோடு நியூட்ரோபில்கள், கிருமியிடம் முதலில் ஓடும் வெள்ளை அணுக்கள். ஓரத்தில் கிருமியை விழுங்கும் வகை வெள்ளை அணு, பெரிய மேக்ரோபேஜ் ஒன்று, கொழுப்புத் துளிகளை விழுங்கி உடம்பெல்லாம் குமிழ் குமிழாக. ரத்த ஸ்லைடில் தினமும் பார்க்கிற அணுக்கள்தான், ஆனாலும் பாலில் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை.

நடவுக்காரி மகள்:
திருத்துறைப்பூண்டி பக்கம், அண்ணிக்குத் தலைப்பிரசவம். மஞ்சளாகக் கெட்டியாக வந்த சீம்பாலை "சீழ் மாதிரி இருக்கு" என்று அத்தை துணியில் பிழிந்து துடைத்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைத்தார். மஞ்சள் கறையோடு அந்தத் துணி கொடியில் காய்ந்தது. வெள்ளை அணுக்கள் மிக அதிகமாக இருப்பது அந்த முதல் சில நாள் பாலில்தான் என்று பின்னால் படித்தபோது வயிறு எரிந்தது.

மாயவரம் அப்பாயி:
பெரியவர்களைக் குறை சொல்லாதே அம்மா, சேனை வைப்பது ஆசீர்வாதம். என் கதை சின்னது. பேத்தி பீய்ச்சி வைத்துவிட்டுப் போகும் பாலை அடுப்பில் வைக்கப் போனேன். "அப்பாயி, காய்ச்சினா அதுல இருக்கிற அணுவெல்லாம் செத்துடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சரி, புதுத் தாய்மார்களுக்குச் சொல்கிறேன். பூண்டு நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள், பால்சுறாப் புட்டு சாப்பிடுங்கள். பால் கட்டினால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டாதீர்கள், அது பிள்ளை குடியை நிறுத்தும்போது பாலை வற்ற வைக்கக் கட்டுவது. ஈரத்துணி போடுங்கள், இரண்டு பக்கமும் வழக்கம்போலக் கொடுங்கள். மறுநாளும் காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம் போங்கள், மாமியார் என்ன சொல்வாரோ என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உளுந்தங்களி நல்லது. ராத்திரி தனியாகப் படுக்காதீர்கள்.

அரசலாறு:
என் மகளுக்குச் சளி பிடித்த அன்று பீய்ச்சிய பால் வழக்கத்தைவிட மஞ்சளாக இருந்தது, பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிள்ளையின் எச்சில் காம்பு வழியே உள்ளே போய், அம்மா உடம்பு அதற்கேற்ற மருந்தைத் தயார் செய்கிறதாம்!

தஞ்சை லேப்:
எச்சில் வழி என்பது இன்னும் ஊகம்தான், நிறத்தை வைத்தும் முடிவு கட்ட முடியாது. தாய்க்கோ பிள்ளைக்கோ தொற்று வந்தால் பாலில் வெள்ளை அணுக்கள் கூடும், குணமானதும் இறங்கும். இதைக் காட்டிய ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது, 2013இல் வெளிவந்தது. நன்றாகத் தெரிந்த வழி வேறு. தாயின் குடலில் கிருமியைச் சந்தித்த பி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) பால் சுரக்கும் காலத்தில் மார்பகத்துக்கு வந்து தங்கி ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும். அது பிள்ளையின் குடல் சுவரில் கிருமி ஒட்டாமல் தடுக்கும். தாயும் பிள்ளையும் ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே கிருமி. அப்புறம் அப்பாயி, பேத்தி சொன்னது சரி. ஆனால் தாய்ப்பால் வங்கியில் தானமாக வந்த பாலைக் கிருமி சாக 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். அணுக்கள் போய்விடும், ஐஜிஏ கணிசமாக மிஞ்சும். குறைமாதப் பிள்ளைக்கு அதுவே பெரிது, வங்கிப் பாலை யாரும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

நடவுக்காரி மகள்:
அப்பாயி, தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணுங்கள், யார் வேண்டாம் என்றது? வாயில் முதலில் போவது சீம்பாலாக இருக்கட்டும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். அண்ணிக்கு அடுத்தது ஐப்பசியில். அத்தையிடம் இப்போதே சொல்லிவிட்டேன், நானும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறேன்.