கண்ணுக்குள் போடும் ஊசியைத் தொடர வேண்டுமா?

கேள்வி:
என் தாயாருக்கு வலக்கண்ணில் முதுமையால் வரும் மாகுலா (விழித்திரையின் மையப் பகுதி) சிதைவு, அதிலும் ஈர வகை, இருப்பதாகக் கண்டறிந்து, மாதம் ஒன்று என்ற கணக்கில் தொடக்க ஊசிகளைப் போட்டு முடித்திருக்கிறார்கள். கதவு நிலை வளைந்து தெரிவது குறைந்திருக்கிறது. ஆனால் படிக்கும்போது சொல்லின் நடு எழுத்துகள் இன்னும் மறைந்தே இருக்கின்றன. "தெரியாத கண்ணுக்கு எதற்கு இன்னும் ஊசி?" என்று கேட்கிறார். நிறுத்திவிடலாமா?

பதில் 1:
மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். விழித்திரைக்கு அடியில் புதிதாக முளைக்கும் நலிந்த ரத்தக்குழாய்கள் நீரையும் ரத்தத்தையும் கசியவிடுகின்றன. அவற்றைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை இந்த மருந்து முடக்குகிறது. அதன் வீரியம் சில வாரங்களில் தணிந்துவிடுவதால் கசிவு திரும்பக்கூடும். அது நீடித்துத் தழும்பாகிவிட்டால், அந்த இடத்தில் போன பார்வையை எந்த ஊசியாலும் மீட்க முடியாது. எஞ்சிய பார்வையைக் காப்பதுதான் முதல் நோக்கம், கூடுதலாகத் தெரிந்தால் அது ஆதாயம். விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் நீர் வற்றியிருந்தால் இடைவெளியைப் படிப்படியாக நீட்டுவார்கள். சிலருக்கு 12 வாரம் வரையிலும், அதற்கு மேலும்கூடப் போகிறது. முதல் ஸ்கேனையும் இப்போதைய ஸ்கேனையும் அருகருகே வைத்து அம்மாவுக்கு விளக்கச் சொல்லுங்கள். நம் வற்புறுத்தலைவிட அது பலன் தரும்.

பதில் 2:
அம்மாவின் தயக்கத்துக்கு வலியும் காரணமா என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே செல்லும் மருந்து பெரும்பாலும் 0.05 மில்லிதான், கண்ணையும் மரத்துப்போகச் செய்துவிடுகிறார்கள். ஆனால் கிருமிநீக்கத்துக்கு விடும் அயோடின் கரைசல் அன்று மாலை வரை மணல் விழுந்ததுபோல் உறுத்தும். ஊசி முடிந்ததும் நன்றாகக் கழுவிவிடும்படி கேட்கலாம். வெள்ளைவிழியில் ரத்தச் சிவப்பும், மிதக்கும் சிறு குமிழும் சில நாளில் மறைந்துவிடும். மாறாக, வலியும் சிவப்பும் கூடிக்கொண்டே போய்ப் பார்வையும் மங்கினால் அது கண்ணுக்குள் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இந்த ஊசிக்குப் பயன்படும் மருந்துகளில் ஒன்றான பெவாசிசுமாபைப் புற்றுநோய் மருந்து என்கிறார்களே, அதைக் கண்ணில் போடலாமா?

பதில் 1:
2004-இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துதான் அது. ஆனால் 2011-இல் வெளியான கேட் (CATT) என்ற ஒப்பீட்டு ஆய்வில், ஒரே கால இடைவெளியில் போட்டபோது, பார்வையைக் காப்பதில் அது கண்ணுக்கென்றே உருவாக்கிய ராணிபிசுமாப் மருந்துக்கு இணையாக இருந்தது. பெரிய குப்பியிலிருந்து சிறு ஊசிகளாகப் பிரித்து நிரப்புவதால், அந்தப் பணி கிருமியற்ற முறையில் நடக்கிறதா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். இடக்கண்ணையும் மறந்துவிடாதீர்கள்: வலக்கண்ணை மூடிக்கொண்டு ஆம்ஸ்லர் கட்டத்தை (நேர்கோடுகளால் ஆன சிறு சதுரங்கள் கொண்ட தாள்) அம்மா அடிக்கடி பார்த்து வரட்டும்; கோடு எங்காவது வளைந்தால், அடுத்த முறைக்காகக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.