புதுப்பிப்பு: அம்மா வீட்டு லேண்ட்லைனுக்குப் பதில் எதை எடுத்தோம்

கும்பகோணத்தில் அம்மா வீட்டுச் செம்புக்கம்பி பிஎஸ்என்எல் லேண்ட்லைனை ஃபைபர் (ஒளியிழை) போனுக்கு மாற்ற எந்த நிறுவனம் சரி என்று கேட்டிருந்தேன். முடிவாகிவிட்டது, பிஎஸ்என்எல் ஃபைபர்தான்.

வேகத்தையோ விலையையோ பார்த்து எடுக்கவில்லை, பழைய நம்பருக்காகத்தான். மொபைல் நம்பரைப் போல லேண்ட்லைன் நம்பரை இங்கே வேறு நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. ஜியோவும் ஏர்டெல்லும் ஃபைபரோடு போன் தருகின்றன, ஆனால் நம்பர் புதிது. சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்கு அம்மாவின் பழைய நம்பர் மனப்பாடம். அதை யார் மாற்றச் சொல்வது?

கரண்ட் போனால் ஃபைபர் போன் வேலை செய்யாது என்று நீங்கள் பலரும் எச்சரித்தது உண்மைதான். பழைய போனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக 48 வோல்ட் வரும், கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபரில் வருவது ஒளி மட்டும். அதைப் போனுக்கு மாற்றித் தரும் பெட்டியான மோடம் வீட்டுக் கரண்டில்தான் ஓடும், அது அணைந்தால் போனும் ஊமை. மோடத்தின் அடாப்டரில் போட்டிருந்த 12 வோல்ட்டைப் பார்த்து அதற்கேற்ற சின்ன யுபிஎஸ் (பேட்டரி பெட்டி) ஒன்று வாங்கினோம். இன்வர்ட்டர் இருக்கும் வீடு என்றால் மோடத்தை அந்த பாயிண்டில் செருகிவிடுங்கள், தனியாகச் செலவு வேண்டாம்.

போன் செட் பழையதுதான். மோடத்தின் பின்னால் இருக்கும் போன் துளையில் வயரைச் செருகியதும் டயல் டோன் வந்துவிட்டது.

அப்புறம், மொபைலுக்குப் பேச முன்னால் 0 போட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், 2021 ஜனவரி 15 முதல் எல்லா லேண்ட்லைனுக்கும் அதுதான் விதி. ஃபைபருக்கும் விலக்கு இல்லை.