சர்க்கரை நோய் இல்லாதவருக்குச் சர்க்கரை மாத்திரை ஏன்?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 62. மூச்சுத்திணறலும் கால் வீக்கமுமாக மருத்துவமனையில் சேர்த்தபோது, எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான் என்றார்கள். பிசோப்ரோலால், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின், ஃபுரோசிமைடு என ஐந்து மாத்திரைகள் எழுதித் தந்திருக்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை நோயும் இல்லை, ரத்தக்கொதிப்பும் இல்லை. வீக்கம் வடிந்துவிட்டதால், நீர் மாத்திரையான ஃபுரோசிமைடு ஒன்றே போதும், மற்றவை வீண் என்கிறார். அவருக்கு எப்படி விளக்குவது?

பதில் 1:
உண்மை ஏறக்குறைய நேர்மாறானது. ஃபுரோசிமைடு தேங்கிய நீரை வெளியேற்றி மூச்சை எளிதாக்குகிறது. ஆயுளை நீட்டுவதாக ஆய்வுகளில் நிறுவப்பட்டவை மற்ற நான்கும்தான். இதயம் தளரும்போது உடல் அதை ரத்த இழப்பாக எடுத்துக்கொண்டு, அட்ரினலினைக் கூட்டி, ரத்தக்குழாய்களை இறுக்கி, உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. சில நாள் தாங்கிப்பிடிக்கும் இந்த ஏற்பாடே மாதக்கணக்கில் நீடித்தால் இதயத்தசையை மேலும் நலியச் செய்கிறது. பிசோப்ரோலாலும் எனலாப்ரிலும் அதைத் தணிக்கவே தரப்படுகின்றன. ரத்த அழுத்தத்தைக் குறைப்பது இங்கே இரண்டாம்பட்சம். ஸ்பைரனோலாக்டோனும் நீர் மாத்திரை வகைதான் என்றாலும், 1999இல் வெளியான ரேல்ஸ் ஆய்வில் தீவிர இதயச் செயலிழப்பு (இதயம் நின்றுபோவதல்ல, போதிய அளவு ரத்தத்தை அதனால் பம்ப் செய்ய முடியாத நிலை) உள்ளவர்களிடம் அது இறப்பை 30 சதவீதம் குறைத்தது. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரை நோய்க்கென வந்த மருந்துதான். ஆனால் 2019இல் வெளிவந்த டாபா-எச்எஃப் ஆய்வில் பங்கேற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் இல்லை, பலன் இரு சாராருக்கும் கிடைத்தது.

பதில் 2:
ஸ்பைரனோலாக்டோனும் எனலாப்ரிலும் சேரும்போது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். ஆகவே மருத்துவர் சொல்லும் நாளில் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுவது) பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். உடம்புக்கு நல்லது என்று நாம் தாராளமாகக் கொடுக்கும் இளநீரிலும், சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதிலும் பொட்டாசியம் மிகுதி. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வாங்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது. அவை நீரைத் தேக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறினால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒரு வாரமாக அவருக்கு வறட்டு இருமல் இருக்கிறது. இதுவும் மருந்தாலா?

பதில் 1:
எனலாப்ரிலால் வரலாம், நுரையீரலில் நீர் கோத்தாலும் வரலாம். படுத்தால் இருமல் கூடுகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எனலாப்ரிலுக்குப் பதிலாக சாகுபிட்ரில்-வால்சார்ட்டன் கூட்டு மாத்திரைக்கு மாற்றினால், கடைசி எனலாப்ரிலுக்கும் முதல் புதிய மாத்திரைக்கும் இடையே 36 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். இல்லையெனில் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் எனலாப்ரில் அட்டையை அன்றே அப்புறப்படுத்திவிடுங்கள்.