நடு ஊரைத் தாண்டி அந்தப் பக்கம் போறவங்க உங்க பஸ் அனுபவத்தைச் சொல்லுங்க

தினம் ரெண்டு பஸ்:

எனக்கு வீடு ஊரோட கிழக்கு ஓரம், வேலை மேற்கு ஓரம். ஒன்பது வருஷமா இதே பாடு தான். எங்க பக்கத்து பஸ் நடு ஊர் ஸ்டாண்டோட முடிஞ்சிடும், அங்க எறங்கி ஒரு சுரங்கப்பாதைல எறங்கி ஏறி இன்னொரு ஸ்டாண்டுக்கு நடந்து போய் மேற்கால போற பஸ்ஸைப் பிடிக்கணும். பொறுமையா ஒரு வாரம் நேரத்தைக் குறிச்சு வச்சுப் பாத்தேன். ரெண்டு பஸ்லயும் சேர்த்து உக்காந்திருக்கற நேரம் 50 நிமிஷம் தான். வீட்டுல இருந்து ஸ்டாப்புக்கு நடக்க 6, அங்க காத்திருக்க 8, நடு ஊர்ல ஸ்டாண்டு மாறி நடக்க 11, அங்க காத்திருக்க 15, கடைசில எறங்கி நடக்க 5. ஆக 1 மணி 35 நிமிஷம். அதுல நடு ஊர்ல மட்டும் 26 நிமிஷம் போகுது, எனக்கு நடு ஊர்ல ஒரு வேலையும் கிடையாது.

இதுக்கு நடுவுல ஒரு நல்ல காலம் வந்துச்சு. கிழக்கு ரூட்டையும் மேற்கு ரூட்டையும் ஒட்டி ஒரே ரூட்டா ஆக்கினாங்க. ஏறி உக்காந்தா நடு ஊர்ல பாதி பேர் எறங்குவாங்க, பாதி பேர் ஏறுவாங்க, நாம அசையாம உக்காந்திருக்கலாம், 1 மணி 10 நிமிஷத்துல ஆபீஸ். பையனுக்குக் காலைல தலை சீவி விடற நேரம் கெடச்சுது எனக்கு. 14 மாசம் ஓடுச்சு. ஒரு திங்கக்கிழமை போய் நின்னா போர்டுல பழையபடி நடு ஊர்னு மட்டும் போட்டிருக்கு. கண்டக்டரைக் கேட்டா ரூட்டைப் பிரிச்சுட்டாங்கன்னாரு. ஏன் பிரிச்சாங்கன்னு இன்னிவரைக்கும் யாரும் சொல்லல. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா? உள்ள வேலை பாத்தவங்க யாராவது இருந்தா காரணம் சொல்லுங்க, கோவத்துக்காகக் கேக்கல, நெஜமா தெரிஞ்சுக்கணும்.

பழைய கண்டக்டர்:

அம்மா, நான் 27 வருஷம் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். நீங்க சொல்ற மாதிரி ஒட்டின ரூட்ல நானே நாலு வருஷம் ஓடினேன், முனைக்கு முனை 24 கிலோமீட்டர். அதனால ரெண்டு பக்கமும் சொல்றேன்.

காலைல முதல் ட்ரிப் அழகா போகும். எட்டு மணிக்கு மேல மேற்கு பக்கம் ஒரு சிக்னல்ல 12 நிமிஷம் மாட்டினோம்னு வைங்க, அந்த 12 நிமிஷத்தையும் சுமந்துக்கிட்டு தான் கிழக்கால வருவோம். கிழக்கால நிக்கற ஜனத்துக்கு அந்த சிக்னலுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா அவங்க தான் நிக்கறாங்க. லேட்டா வர்ற பஸ்ஸுக்கு ஸ்டாப்ல கூட்டம் ஜாஸ்தி, ஏத்தி எறக்க இன்னும் நேரம் ஆகும், இன்னும் லேட். பின்னாடி வர்ற வண்டிக்கு ஆளே இருக்காது, அது விறுவிறுன்னு வந்து எங்க முதுகுல ஒட்டிக்கும். அப்புறம் கடைசி வரைக்கும் ரெண்டும் ஜோடியா தான் போகும். எங்க வண்டில படில தொங்குவாங்க, பின்னாடி வண்டில சீட்டு காலியா கெடக்கும். இது எங்க சோம்பேறித்தனம்னு பல பேர் திட்டியிருக்காங்க. 1964லயே நியூவெல், பாட்ஸ்னு ரெண்டு பேர் இதைக் கணக்காவே போட்டுக் காட்டியிருக்காங்கன்னு ரிட்டயர் ஆன பிறகு ஒருத்தர் சொன்னாரு, அன்னிக்கு மனசு லேசாச்சு. டிரைவர் எவ்வளவு ஒழுங்கா ஓட்டினாலும் பஸ்ஸுங்க தானா ஜோடி சேரும், ரூட்டு நீளமாக நீளமாக அது ஜாஸ்தியாகும்.

பழைய ரூட்ல நடு ஊர் ஸ்டாண்டுல 10 நிமிஷம் நிப்போம். பாக்கறவங்களுக்கு சும்மா நிக்கற மாதிரி தெரியும். அந்த 10 நிமிஷம் தான் லேட்டை முழுங்கும், அடுத்த ட்ரிப் சுத்தமா கெளம்பும். ரூட்டை ஒட்டினப்போ அந்த நிறுத்தத்தை எடுத்துட்டாங்க, ரெண்டு முனைலயும் கொடுத்த நேரத்தையும் கூட்டல. எனக்குத் தெரிஞ்சு எங்க ரூட்டைப் பிரிச்ச காரணம் இது தான். உங்க ஊர்லயும் அதுவா தான் இருக்கும்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது.

ஆனா ஒண்ணு. அந்த நாலு வருஷத்துல நேரா போற ஜனம் என்கிட்ட சொன்ன நன்றி அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல, பின்னாடியும் கேட்டதில்ல.

ஜன்னலோரம்:

ஐயா சொன்னது புரியுது, லேட் ஆகறது பெரிய பிரச்சனை தான். ஆனா பஸ் மாறறதை நிமிஷத்துல மட்டும் அளக்கறாங்களேன்னு எனக்கு வருத்தம். எங்க அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. மாசம் ரெண்டு தடவை ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன். நடு ஊர்ல எறங்கினதும் படிக்கட்டு, சுரங்கப்பாதை, மறுபடி படிக்கட்டு. மேல வந்தா வரிசையா ஏழு நிழற்குடை, எந்த பஸ் எதுல நிக்கும்னு எழுதியிருக்காது. அம்மாவை ஒரு எடத்துல உக்கார வச்சுட்டு நான் முன்னாடி ஓடிப் பாப்பேன், பஸ் வந்துடும், அம்மா எழுந்து வர்றதுக்குள்ள அது போயிடும். அந்த மாதிரி ஒரு நாள் மூணு பஸ் போச்சு. மூணாவது போனப்போ அம்மா, "விடு கண்ணு, திரும்பிப் போயிடலாம்"னாங்க. அன்னிக்கு நாங்க டாக்டரைப் பாக்கவே இல்ல.

நடு ஊர் வழியா நேரா போற ரூட் ஒண்ணு இருக்கு, 40 நிமிஷத்துக்கு ஒண்ணு தான், சுத்திக்கிட்டு வேற போகும். அம்மா அதுக்குத்தான் காத்திருப்பாங்க, நானும் இப்ப ஒத்துக்கிட்டேன். ஒரு தடவை உக்காந்தா எறங்க வேண்டிய எடத்துல தான் எழுந்திரிக்கணும்ங்கற நிம்மதி அவங்களுக்கு வேணும்.

நின்னுட்டே போறவன்:

எனக்கு நேரத்தை விட டிக்கெட் தான் உறுத்துது. ஒரே பயணம், ஊர் ரூட்டை நடுவுல வெட்டினதுக்கு நான் ரெண்டு தடவை டிக்கெட் எடுக்கணுமா? லண்டன்ல 2016 செப்டம்பர்ல இருந்து ஹாப்பர்னு ஒண்ணு வச்சிருக்காங்க, முதல் பஸ்ல கார்டைத் தொட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள அடுத்த பஸ் இலவசம். முதல்ல ஒரு மாற்றத்துக்கு மட்டும் தான் இருந்துச்சு, 2018 ஜனவரில இருந்து அந்த ஒரு மணி நேரத்துல எத்தனை பஸ் வேணும்னாலும் ஏறலாம். ரூட்டைப் பிரிக்கறதுன்னா இதை முதல்ல செஞ்சுட்டுப் பிரிக்கணும்.

கால அட்டவணை:

நான் ரூட் ஷெட்யூல் போடற வேலைல இருக்கேன், ஊர் பேர் சொல்ல முடியாது, மன்னிக்கணும். தினம் இந்தக் கேள்வியோட தான் நாங்களும் மல்லுக்கட்டறோம்.

நடு ஊர்ல இருந்து ஆறு பக்கமும் ஆறு ரூட் போகுதுன்னு வைங்க. எல்லாமே நடுவுல முடிஞ்சா, ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போற எல்லாருமே மாறித்தான் ஆகணும். ஆறையும் ரெண்டு ரெண்டா ஒட்டி மூணு ரூட் ஆக்கினா கூட உங்க பக்கத்துல இருந்து மீதி அஞ்சு பக்கத்துல ஒரு பக்கத்துக்குத்தான் நேரா பஸ் கெடைக்கும், மத்த நாலுக்கும் மாறணும். அதனால எதை எதோட ஒட்டறதுங்கறது உயிரான கேள்வி. ஆஸ்பத்திரி, காலேஜ், பேக்டரின்னு யார் எங்க போறாங்கன்னு பாத்து ஒட்டினா ஊரே வாழ்த்தும், சும்மா மேப்ல நேர்கோடா தெரியுதேன்னு ஒட்டினா காலி பஸ் தான் ஓடும்.

ஒட்டறதுல எங்களுக்கு இன்னொரு லாபம் உண்டு, வெளில யாரும் இதைப் பேச மாட்டாங்க. ஆறு ரூட்லயும் மணிக்கு 12 பஸ் வந்தா நடு ஸ்டாண்டுக்கு மணிக்கு 72 பஸ். ஒவ்வொண்ணும் 10 நிமிஷம் நின்னு திரும்பினா எந்த நேரமும் சராசரியா 12 பஸ் அங்க நிக்கும், அதுக்கு எடம் வேணும், அதுவும் ஊர்லயே எடம் கெடைக்காத பகுதில. அதே பஸ்ஸுங்க ஒரு நிமிஷம் நின்னு ஏத்தி எறக்கிட்டு நேரா போயிட்டா சராசரியா ஒண்ணோ ரெண்டோ தான் நிக்கும், நாலு பஸ் நிக்கற எடம் இருந்தா சமாளிக்கலாம்.

அப்புறம் காத்திருக்கற நேரம். 10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஒழுங்கா வந்தா, நேரம் பாக்காம வந்து நிக்கறவர் சராசரியா 5 நிமிஷம் காத்திருப்பார். அதே பஸ்ஸுங்க பெரியவர் சொன்ன மாதிரி ஜோடி ஜோடியா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்தா சராசரி 10 நிமிஷம் ஆயிடும். டிரைவர் எண்ணிக்கை அதே, பஸ் எண்ணிக்கை அதே, டீசல் அதே, காத்திருப்பு மட்டும் ரெண்டு மடங்கு. தலைப்பு போட்டவங்களே, உங்க ரூட்டைப் பிரிச்சவங்க மேல எனக்கும் வருத்தம் தான். பிரிக்கறதுக்கு முன்னாடி நடு ஊர்ல ரெண்டு மூணு நிமிஷம் நிறுத்தி இடைவெளியைச் சரி பண்ணிப் பாத்திருக்கலாம், நெரிசல் இருக்கற அந்த ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்கு பஸ்ஸுக்குன்னு தனிப் பாதை கேட்டிருக்கலாம். சியோல்ல 2004 ஜூலை 1ஆம் தேதி மொத்த பஸ் அமைப்பையும் மாத்தினப்போ ரோட்டு நடுவுலயே பஸ்ஸுக்குத் தனிப் பாதை போட்டாங்க, ஊரைக் குறுக்கா கடக்கற பஸ்ஸுக்கு நீல நிறம், பகுதிக்குள்ள சுத்தற பஸ்ஸுக்கு பச்சைன்னு பிரிச்சாங்க, பஸ் மாறினா மறுபடி முழு டிக்கெட் கிடையாது, போன தூரத்துக்குத்தான் காசு. முதல் நாட்கள்ல கார்டு மெஷின் வேலை செய்யாம ஜனம் ரொம்ப கஷ்டப்பட்டுச்சு. அதுக்கப்புறம் தான் சரியாச்சு. பாதை, டிக்கெட், ரூட் மூணையும் சேர்த்து செஞ்சதால அது நெலைச்சு நின்னுச்சுன்னு நான் நம்பறேன். ரூட்டை மட்டும் ஒட்டினா 14 மாசம் தான் தாங்கும் போல.

ஊர்சுற்றி:

நடு ஊருக்குப் போகவே வேணாம்னு ஒரு வழி இருக்கே, அதை யாரும் சொல்லலியே. நான் வேலை விஷயமா பார்சிலோனால கொஞ்ச மாசம் இருந்தேன். அங்க 2012ல ஆரம்பிச்சு 2018 வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா பஸ் ரூட்டைக் கட்டம் போட்ட மாதிரி மாத்தினாங்க. கடலுக்கு இணையா போறது எச், இரட்டைப்படை எண். மலைல இருந்து கடல் பக்கம் எறங்கறது வி, ஒற்றைப்படை எண். குறுக்கா போறதுக்கு டி. மொத்தம் 28 ரூட். முதல் வாரம் எனக்கு பாஷை தெரியாது, எண்ணைப் பாத்தே போயிட்டேன், ஏன்னா பெரும்பாலும் ஒரு எச்சும் ஒரு வியும் எங்கயாவது ஒரு மூலைல வெட்டிக்கும். அந்த மூலைல எறங்கி மாறிட்டா போதும், ஊருக்கு நடுவுல போய் முட்டிக்க வேண்டாம். அமெரிக்கால ஹூஸ்டன்லயும் 2015 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒரே ராத்திரில இதே மாதிரி மாத்தினாங்க, அதுக்கு முன்னாடி நிறைய ரூட் நடு ஊரைப் பாத்து தான் போகும்.

ஆனா ஜன்னலோரம் எழுதினதைப் படிச்சதும் ஒண்ணு தோணுச்சு. இந்தக் கட்டம் முறைல கிட்டத்தட்ட எல்லாருமே ஒரு தடவை மாறணும். அடிக்கடி பஸ் வந்தா தான் இது சரிப்படும், அரை மணிக்கு ஒண்ணுன்னா ரோட்டு மூலைல நிக்க வச்சுக் கொடுமை பண்ற மாதிரி ஆயிடும். அவங்க அம்மா மாதிரி இருக்கறவங்களுக்கு அந்த நேர் ரூட்டும் கூடவே இருக்கணும், எடுக்கவே கூடாது.

தினம் ரெண்டு பஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெரியவரே, பிரிச்ச காரணம் இப்ப தான் புரியுது, பஸ் லேட்டான நாள்ல எல்லாம் உங்களை மாதிரி ஒருத்தரை நானும் திட்டியிருக்கேன், மன்னிச்சிடுங்க.

ஊர்சுற்றி எழுதினதைப் படிச்சுட்டு சனிக்கிழமை மேப்பை விரிச்சு வச்சு உக்காந்தேன். ஒன்பது வருஷமா நடு ஊர்ல தான் மாறணும்னே நெனச்சுட்டு இருந்திருக்கேன். ஆனா ஸ்டாண்டுக்கு நாலு ஸ்டாப் முன்னாடியே ஒரு நாலு ரோட்டு சந்திப்புல, வடக்குல இருந்து வந்து மேற்கால திரும்பற ரூட் ஒண்ணு எங்க ரூட்டை வெட்டுது. திங்கக்கிழமை அங்க எறங்கிப் பாத்தேன். 1 மணி 17 நிமிஷம். சுரங்கப்பாதை இல்ல, படிக்கட்டு இல்ல.

ஒரே குறை, நான் எறங்கற ஸ்டாப் சந்திப்புக்கு இந்தப் பக்கம், ஏற வேண்டிய ஸ்டாப் சந்திப்பு தாண்டி ஒரு 200 அடி தள்ளி, நடுவுல நடைபாதையும் கெடையாது. அந்த ஸ்டாப் கம்பத்தைச் சந்திப்பு மூலைக்கு நகர்த்தி வச்சா ஜன்னலோரம் அம்மா மாதிரி இருக்கறவங்க கூட மாறலாம். இன்னிக்கு ஒரு மனு எழுதி, கூட ஏறின பதினோரு பேர்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கேன், நாளைக்குக் கொடுக்கப் போறேன். கால அட்டவணை, உங்ககிட்ட ஒரு உதவி, ஸ்டாப்பை நகர்த்தற முடிவு பஸ் நிர்வாகத்துதா இல்ல ரோட்டைப் பாக்கற ஆபீஸ்துதா? ரெண்டு எடத்துலயும் கொடுக்கறதா இருந்தா இன்னிக்கு ராத்திரியே இன்னொரு காப்பி எழுதிடறேன்.